தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று

சோலைமலை தனக்கு மேலே இருக்கும் யாரையும் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. செருமுவார். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்று, கடிதங்களோடு தோளில் தொங்கும் தப்பால் பையை முன்பக்கம் இழுத்துவிட்டு, தொண்டைக்குள் மெல்ல ஒரு செருமல். உள்ளே பெரிய கிளாக்கர் தலை நிமிர்வார். தொரை பங்களாவில் குசினிப் பக்கமாக நின்று அதைவிட அடக்கமாக ஒன்று. டிஸ்பென்சரியில் மட்டும் கொஞ்சம் உரக்க. ஏனென்றால் டிஸ்பென்சர் தம்பிஐயாவுக்கு யாழ்ப்பாணத்துக் கடிதம் கையில் கிடைத்துவிட்டால் வேறெதுவும் காதில் விழாது. டிக்கோயாத் தபால் கந்தோரிலும் பணம் கொடுத்து முத்திரை வாங்குகிற மனிதர்தான், ஆனாலும் கம்பிக்கு முன்னால் நின்று செருமல்தான்.

வீட்டுக்கு வருகிறபோது இந்த அடக்கமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. லயத்துக் குடியிருப்பின் சாக்கடைக் கானைத் தாண்டுவதற்கு முன்னாலேயே, “ஏ காளீ! அடுப்புல தண்ணி கெடக்கா?” என்று ஒரு கத்தல். கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்காய் எழுந்து பறக்கும். அவருடைய ஒரே மகள் காளியாயி சிறுபிள்ளையாக இருந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கல்யாணமாகி, புருசன் கந்தப்பனையும் அதே ஒற்றை அறைக் காம்பராவுக்குள் குடிவைத்த பிறகு ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ஏம்ப்பா, ஐயான்னு கூப்பிட்டாத்தான் என்ன? வாயில இருக்கிற முத்தா கொட்டிரப் போவுது?”

“கூப்பிட்டா ‘என்னடா’ம்பாங்க. செருமுனா சும்மா திரும்பித்தான் பாப்பாங்க. அறுவது வயசுக்கு மேல எவன்கிட்டயும் ‘டா’ வாங்க எனக்கு இஷ்டமில்ல புள்ள.”

அன்றைக்கு அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. யாரையும் எதிர்க்காமல், யாரிடமும் தாழ்ந்தும் போகாமல் ஒரு மனிதர் தனக்கென்று கண்டுபிடித்து வைத்திருந்த வழி என்று நினைத்தாள். அப்பாவைப் பற்றி அவள் பிற்பாடு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த எண்ணங்களில் அது முதலாவது.

இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்தவர் சோலைமலை. வாலிபத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார். மலைச்சரிவில் உருண்ட கல் ஒன்று காலை நசுக்கியதற்குப் பிறகு, இனி மலைக்கு உதவ மாட்டான் என்று தப்பால் பையைக் கொடுத்தார்கள். நொண்டிக் காலுக்குத் தோட்டம் கண்டுபிடித்த வேலை, தினமும் டிக்கோயாவுக்கு இறங்கி ஏறுவது! அதற்கும் அவர் செருமிக்கொண்டே தலையாட்டினார். தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட மனுக்களை மூட்டையாகக் கட்டிக் கீழே இறக்கியவர் அவர். ஆதாரம் போதாது என்று வந்த பதில்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவரே. தன்னுடையதையும் அப்படித்தான் தானே சுமந்து வந்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துக் கூரைச் சந்தில் செருகினார்.

ஐம்பத்தேழாம் வருசம், ஆடி மழையோடு சேர்ந்து அந்தக் காய்ச்சல் மலையேறியது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது என்று சொல்லி, கொழும்புக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். திடீரென்று உடம்பு கொதிக்கும். கை கால் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். வறட்டு இருமல். ஒரு காம்பராவில் ஒருவருக்கு வந்தால் அடுத்தடுத்து எல்லோரும் பாயில். காலைப் பெரட்டில் ஆள் நிற்கிற வரிசை நாளுக்கு நாள் குறைந்தது. கொழுந்து முற்றிப் போகிறது என்று தொரை கத்தினார். தொரை கத்தியதால் கிளாக்கர் கத்தினார். கங்காணிக்குக் கத்துவதற்கு லயம் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் அம்மைக்கு மட்டுமில்லை, எந்தக் காய்ச்சல் விட்டாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மஞ்சளும், காரமாக மணக்கிற டர்பன்டைன் இலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தலையோடு ஊற்றினால் வியாதி முடிந்தது என்று அர்த்தம். அதுவரை நோயாளி. அதற்குப் பிறகு நோயாளி இல்லை. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். இந்த வழக்கத்தைத்தான் கங்காணி பிடித்துக்கொண்டான். பாயில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க டிஸ்பென்சருக்கு நேரமில்லை, மனமுமில்லை. ஆகவே லயத்து வாசலில் நின்று கங்காணி ஒரே கேள்விதான் கேட்பான்.

“தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?”

ஊற்றியாயிற்று என்றால் கூடையைத் தூக்கு. இல்லை என்றால் டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் மருந்து, அன்றைக்கு வேலையில்லை. குளித்த மனிதனைக் காய்ச்சல்காரன் என்று டிஸ்பென்சரும் ஒத்துக்கொள்வதில்லை. படித்த மனிதர், சுவரில் சட்டம் போட்ட சர்ட்டிபிகேட் மாட்டியிருப்பவர், ஒரு உடம்பு தேறியதா இல்லையா என்பதை ஒரு குடம் சுடுதண்ணீரை வைத்துத் தீர்மானித்தார்.

லயத்து ஆட்களும் லேசானவர்கள் இல்லை. இதைக் கண்டுகொண்டதும் தண்ணீர் ஊற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள். பக்கத்துக் காம்பரா வேலாயி, தலை எண்ணெய்ப் பிசுக்கோடு இஸ்தோப்புத் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டு சொன்னாள்:

“எனக்கு இனி தீவாளிக்குத்தான் தண்ணி. அதுவரைக்கும் கங்காணி வந்து மோந்து பாத்துட்டுப் போவட்டும்.”

சோலைமலைக்கும் காய்ச்சல் வந்தது. நாலைந்து நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். தப்பால் பையை வேறொருவன் எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவருக்குக் காய்ச்சலைவிடப் பெரிய வியாதியாக இருந்தது. உடம்புச் சூடு தணிந்து, ஒரு கோப்பை கஞ்சி உள்ளே இறங்கியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“காளி, தண்ணி போடு.”

“இன்னும் ரெண்டு நாள் கெடங்கப்பா. எல்லாரும் கெடக்கிறாங்கள்ல.”

“எல்லாரும் கெடந்தா நானும் கெடக்கணுமா? அந்தப் பய பையை நனைச்சுப்புடுவான். தொரை பேப்பர் நனைஞ்சா யாரைக் கேப்பாரு? போடுங்கிறேன்!”

அவள் தண்ணீர் போட்டாள். ஊற்றினாள். தலையைத் துவட்டி, நெற்றியில் திருநீறு வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கங்காணி கேட்டான், சோலைமலை ஆமாம் என்று தலையாட்டினார், பை தோளில் ஏறியது. அடித்துப் பெய்கிற மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அந்த நொண்டிக் கால் டிக்கோயாவுக்கு இறங்கியது.

அதற்கடுத்த நாளும் போனார். அன்று திரும்பி வருகிறபோது கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. காளியாயி எட்டிப் பார்த்தாள். அவர் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பல் கிட்டுகிற நடுக்கம். மூச்சை இழுத்தால் வலது விலாவில் கத்தி வைத்துக் குத்துகிறது என்றார். இருமித் துப்பியதைப் பார்த்தாள். துருப்பிடித்த தகரத்தைக் கழுவிய தண்ணீரைப் போல இருந்தது.

விடிந்ததும் வேலைக்குப் போகாமல் அவரை அணைத்துப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் நின்றதும், பழக்கம் விடுமா, அவர் செருமினார். செருமியதில் விலா இழுத்து, சுவரில் சாய்ந்துகொண்டார்.

உள்ளே தம்பிஐயா குனிந்தபடியே சொன்னார்: “தப்பாலை மேசையிலை வைச்சிட்டுப் போ சோலைமலை.”

“தப்பால் இல்லீங்க ஐயா,” என்றாள் காளியாயி. “அப்பாவுக்குத் திரும்பக் காச்சலுங்க. மூச்சு விடமுடியல. துப்புறதுல ரெத்தம் கலந்து வருதுங்க.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். சோலைமலையை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து வரவில்லை. நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கவில்லை.

“தலைக்கு வாத்தாச்சோ?”

“ஊத்தியாச்சுங்க.”

“பிறகென்ன? காய்ச்சல் விட்ட பிறகுதானே வாத்தனீங்கள். இது தண்ணி வாத்ததாலை பிடிச்ச தடிமன், வெறும் சளி. மருந்து தாறன், கொண்டு போ.”

“ஒரு ஊசி போட்டு விடுங்களேன் ஐயா.”

“ஊசியோ? வாறவை போறவைக்கெல்லாம் பென்சிலின் குத்தினால் நான் தொரைக்கு என்ன கணக்குக் காட்டுறது?”

“கணக்கப்பிள்ளை மகனுக்குக் கால்ல ஆணி ஏறினப்ப போட்டீங்கதானே.”

அவர் முகம் சுருங்கியது. “நீ எனக்குப் படிப்பிக்க வந்தனியோ?”

“அப்படின்னா ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு குடுங்க. ஸ்டோர் லொரியில ஏத்திக்கிட்டுப் போறோம்.”

டிஸ்பென்சர் எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் தோட்டத்து லொரியில் யாரும் ஏற முடியாது. தம்பிஐயா சிரித்தார். “நல்ல கதை. செருமலுக்கு ஆஸ்பத்திரித் துண்டோ? இந்தாள் நான் வந்த நாள் தொட்டுச் செருமிக்கொண்டுதானே திரியுது!”

காளியாயிக்கு அங்கேயே பதில் வாயில் வந்துவிட்டது. ஆனால் அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “வா புள்ள. ஐயாவுக்கு வேலை கெடக்கு,” என்றார். நெருப்பாய்ச் சுடுகிற கை அது. அந்தக் கையின் சூட்டை மூன்று எட்டு நடந்து வந்து தொட்டுப் பார்க்க டிஸ்பென்சருக்குத் தோன்றவில்லை. தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல அப்பாவுக்கும் தோன்றவில்லை. இவர்களில் யார்மீது அதிகம் கோபப்பட வேண்டும் என்று தெரியாமல் அவள் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிஸ்பென்சர் சொன்னது அவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான்.

“அவசரப்பட்டு ஊத்திட்டியேடி,” என்றாள் வேலாயி. “தண்ணி தலையில எறங்கி ஜன்னி கண்டிருக்கு. நான் பாரு, இன்னும் ஊத்தாம இருக்கேன்.”

“நானா அவசரப்பட்டேன்? அவரு கேட்டாரு.”

“நோயாளி கேப்பான். கள்ளு கேட்டா கள்ளு ஊத்துவியா?”

அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். காம்பராவுக்குள் சோலைமலை மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடையிடையே, ரெஜிஸ்டர் கடிதம், கைநாட்டு வேணும் என்று யாரிடமோ பேசினார். மறுநாள் காலையில் ஒரு தெளிவு வந்தது. காளியாயி கஞ்சியை ஊதி வாயில் வைத்தாள். அவர் ஒதுக்கினார். கூடவே கந்தப்பனும் வேலாயியும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிறாற்போல, நல்ல குரலில் சொன்னார்:

“நீ ஊத்துன தண்ணிதான் காளி என்னைய சாய்ச்சிருச்சு.”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். போடுங்கிறேன் என்று அதட்டியது யார்? மழையில் பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது யார்? திரும்பிக்கூடப் பார்க்காமல் போத்தலைக் கொடுத்தது யார்? கங்காணியைச் சொல்லவில்லை. தம்பிஐயாவைச் சொல்லவில்லை. தொரையைச் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க யார் முகத்துக்கும் நேராக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், கடைசியில் வாயைத் திறந்து ஒன்று சொன்னார். அது அவளுக்கு என்று ஆகியிருந்தது.

அழுவதற்கும் நேரமில்லை. “கெளப்பு,” என்றாள் புருசனிடம். “துண்டு இல்லாட்டி போவுது. தூக்கிட்டே போவோம்.”

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, கந்தப்பனும் இன்னொருவனும் தோள் கொடுத்தார்கள். கங்காணி வழியில் மறித்து, பேரு விழாது, இன்றைக்குச் சம்பளம் கிடையாது என்றான். கந்தப்பன் தூளியை இறக்காமலே, “நீயே வச்சுக்க,” என்றான். பெரிய ரோட்டில் பஸ்காரன் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தான். கிழவரின் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் பின் ஸீட்டை ஒழித்துக் கொடுத்தான்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் துண்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெறும் துண்டுக்காகத்தான் ஒரு பகலும் இரவும் போயிருந்தது. டாக்டர் முதுகில் குழலை வைத்துப் பார்த்து நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஊசி ஏறியது. ஒட்சிசன் உருளையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யோகராணி என்ற அந்த நர்ஸும் யாழ்ப்பாணத்துக்காரிதான். கை ஓயாமல் வேலை செய்துகொண்டே காளியாயியைக் கடிந்தாள்.

“ஏன் பிள்ளை, இவ்வளவு நேரமும் வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?”

“நான்தாங்க தப்புப் பண்ணிட்டேன். காச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன்.”

யோகராணி கையை நிறுத்தினாள். “தண்ணியோ? தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதான் ஜன்னி…”

“இஞ்சை பார். முதல் வந்தது ஒரு காய்ச்சல். அது விட்டிட்டுது, சரி. ஆனால் போகேக்கை நெஞ்சுக்குள்ளை எல்லாத்தையும் புண்ணாக்கிப் போட்டுத்தான் போகும். அந்தப் புண்ணிலை வேறை கிருமி வந்து ஏறியிருக்கு. இது இரண்டாவது வருத்தம், நிமோனியா. வயது போனாக்களுக்குத்தான் கூட வரும். சுகமாச்சுது எண்டு எழும்பித் திரியேக்கைதான் வரும். இந்தக் கிழமையிலை இப்படி எத்தினை பேரை நான் பாத்திட்டன். அதுக்குத்தானே பென்சிலின் இருக்கு. முதல் நாளே ஒரு ஊசி போட்டிருந்தால்…”

அவள் முடிக்கவில்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க தோட்டத்து அலுமாரியிலயும் அந்த ஊசி இருக்குங்க,” என்றாள் காளியாயி.

யோகராணி ஊசிக் குழலை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

காளியாயி அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். அப்பா, தண்ணி இல்லையாம், வேற கிருமியாம் என்று காதருகே குனிந்து சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அந்தி சாய்கிற வேளையில் பெரிய டாக்டர் மறுபடி வார்டுக்குள் நுழைந்தபோது சோலைமலையின் தொண்டை மட்டும் அசைந்தது. செருமுவதற்கு முயன்றார். காற்று வரவில்லை. அதோடு முடிந்தது.

சவப்பெட்டி லயத்துக்கு வந்தபோது கங்காணி வந்தான். தம்பிஐயாவும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, கானுக்கு அப்பால் நின்றார். பெரிய கிளாக்கரிடம் அவர் சொல்வது இஸ்தோப்புவரை கேட்டது.

“பாவம். நல்ல மனுசன். இதுகள் தலைக்கு வாத்துக் கெடுத்துப் போட்டுதுகள். சொன்னால் கேக்கிற சனமோ?”

இவருக்கு உண்மை தெரியும். அதைத்தான் காளியாயியால் பொறுக்க முடியவில்லை. வேலாயி சொன்னாள் என்றால் அவளுக்குத் தெரியாது. அப்பா சொன்னார் என்றால் அவருக்கும் தெரியாது. நர்ஸ் யோகராணி ஒரு மூச்சில் சொன்னதைப் படித்துப் பாஸ் பண்ணித்தான் இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தெரியாத சனத்தின் நம்பிக்கையை எடுத்துத் தெரிந்த மனிதர் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அவள் செருமவில்லை.

“டிஸ்பென்சர் ஐயா!” என்று கூப்பிட்டாள். அப்பா கானுக்கு அப்பாலிருந்து கூப்பிடுவாரே, அந்தக் குரல். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். “தண்ணியில சாகலீங்க எங்கப்பா. நெஞ்சுல கிருமி ஏறிச் செத்தாரு. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒங்க அலுமாரியில இருக்கிற மருந்துக்குக் கேக்கிற கிருமி. நீங்க அவரு நெஞ்சுல கைய வச்சுப் பாத்தீங்களா?”

“என்ன கதைக்கிறாய் நீ? துக்கத்திலை…”

“வச்சுப் பாத்தீங்களா, இல்லையா?”

கங்காணி, “ஏய், யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?” என்று அதட்டினான்.

“தெரியிது கங்காணி. இவரு யாருன்னு அப்பாவுக்குத்தான் தெரியாமப் போச்சு.”

தம்பிஐயா மழை கனத்துவிட்டது என்று கிளாக்கரிடம் சொல்லிக்கொண்டு குடையைத் தாழ்த்திப் பிடித்து நடந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. தப்பால் பை வேறொரு தோளுக்குப் போனது.

கருமாதி முடிந்து காளியாயி பெரட்டுக்குக் கிளம்பிய அன்று, வேலாயி இன்னும் எண்ணெய்த் தலையோடுதான் இஸ்தோப்பில் இருந்தாள். கங்காணி வாசலில் நின்று பழைய கேள்வியையே கேட்டான். வேலாயி காளியாயியைப் பார்த்தாள்.

“அதக் கேக்காதீங்க,” என்றாள் காளியாயி. “மூச்சு இழுத்தா வெலாவுல குத்துதான்னு கேளுங்க. விட்ட காச்சல் திரும்ப வந்துச்சான்னு கேளுங்க.”

“நீ என்ன டாக்டரா?”

“டாக்டருன்னு ஒருத்தரு இங்க இருந்திருந்தா நான் ஏன் பேசப்போறேன்.”

லயத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். கங்காணி அடுத்த காம்பராவுக்குப் போய், அங்கேயும் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்றுதான் கேட்டான்.

வேலாயி பிறகு தனியாக வந்து, “நான் சொன்னத மனசுல வச்சுக்காதடி,” என்றாள். அவள் தன் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். லயத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள், சிலர் வெற்றிலை கொடுத்து, சிலர் பேச்சை மாற்றி. சோலைமலை எடுத்துக்கொள்ளவில்லை. எடுப்பதற்கு அவர் இல்லை. உன் தண்ணி இல்ல புள்ள, என்று நாலே சொல். பெரியவர்கள் வாசலில் எல்லாம் செருமிச் செருமி மிச்சம் பிடித்த குரலில், மகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாயங்காலத்தில் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது அவள் சில நேரம் கானுக்கு அந்தப் பக்கம் பார்ப்பாள். அவர் சொல்லாமல் போன அந்த நாலு சொல் பாக்கி இன்னும் அங்கேதான் நிற்கிறது.